மீனெண்ணெய்க் குளிசை

என்னவருக்கு,

காலையில் முதல் வேலையாக மகளுக்கு மீனெண்ணெய்க் குளிசை கொடுத்தேன். மீனெண்ணெயிலுள்ள கொழுப்பமிலத்தைச் சிலரின் உடல் சரியாகப் பயன்படுத்தாததாலும் இவளுக்கு இருப்பது போன்ற வாசிப்புச் சிக்கல் வரலாம், ஆனால் உறுதியில்லை என்றார் டொக்டர். முகத்துவாரத்திலிருந்து வந்த உங்கள் அக்காவுக்கு என்னைக் குற்றம் சொல்ல அது போதும்.

"வயித்தில பிள்ளையோட மீன் தின்னமாட்டன் எண்டாய். இப்ப பார், மரக்கறிக்காரி, பிள்ளைக்கு எழுத்து ஏறுதில்லை!"

நான் தலை குனியவில்லை. மூன்று வேளையும் மீன் தின்று வளர்ந்த நீங்கள் ஏன் கப்பலிலிருந்து குரல் பதிவு மட்டுமே அனுப்புகிறீர்கள்? கலியாணத்துக்கு முன்பு நீங்கள் எழுதிய ஒரே வாழ்த்து மட்டையில் என் பெயரின் எழுத்துகள் இடம் மாறிக் கிடந்தன.

இதை மெதுவாக வாசியுங்கள். கப்பல் எஞ்சினைக் கழற்றிப் பூட்டுகிறவருக்கு இதில் என்ன வெட்கம்?

உங்களைக் கேட்காமலே முடிவெடுத்துவிட்டேன். பின்னேரம் மகள் பள்ளியால் வந்ததும் சொல்வேன்: "அப்பாவுக்கும் இப்பிடித்தான், பிள்ளை."

உங்கள்
மரக்கறிக்காரி