தையல் மிஷினுக்கு இருந்த இடம்

1949 பிப்ரவரி 26, சனி

இன்னாசி சாப்பிட்டுக் கை கழுவும்போது சொன்னான். "ம்மா, இந்த வருசம் பாஸ்குக்குத் துணி வேணாம். ஹார்பர்ல வாரத்துக்கு மூணு நாள்தான் வேலை கீது. புள்ளைங்க பழசையே தொவைச்சிப் போட்டுக்கட்டும்."

நான் தட்டை எடுத்துக் கழுவப் போட்டேன். சம்மதம் என்று நினைத்துக்கொண்டு படுக்கப் போனான். பெற்ற பிள்ளைக்கே என்னைத் தெரியவில்லை.

என் மாமியார் காலத்திலிருந்து இந்த வீட்டில் இருக்கிற வழக்கம் இது. பாஸ்குத் திருநாளில், உயிர்த்த ஞாயிறன்று, வீட்டுப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் ஒரே தானில் கிழித்த துணி. பையனுக்குச் சட்டை, பெண்ணுக்குக் கவுன். மொத்தமாக வாங்கினால் மலிவு, அதனால் வந்த வழக்கம்தான். அதில் எனக்கு வெட்கமில்லை. கோயிலில் வரிசையாக உட்கார்ந்தால் ராயபுரமே திரும்பிப் பார்க்கும். சண்டைக் காலத்தில் துணிக்கு அடிதடி நடந்தபோதுகூட விட்டதில்லை. மாமியார் சாகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு நகையைப் பற்றியா பேசினாள்? இதைத்தான் சொன்னாள்.

இப்போது பேரப்பிள்ளைகள் ஆறு. ஆறு பேருக்கும் நடக்கும்.

மார்ச் 2, விபூதிப் புதன்

நெற்றியில் சாம்பல். ஒருசந்தி, ஒரு வேளைச் சாப்பாடுதான். உலையில் போடுகிற அரிசியில் ஒரு பிடி எடுத்து பிஸ்கட் டின்னில் போட்டேன். நாற்பது நாளும் ஒவ்வொரு பிடி. பாஸ்குக் காலை ஆப்பத்துக்கு அரிசி ஆயிற்று. கோழி கூடையில் இருக்கிறது. குழம்பில் கோழி கால் பங்கு, உருளைக்கிழங்கு முக்கால் பங்கு. யாரும் இதுவரை எண்ணிப் பார்த்ததில்லை.

மருமகள் ரோசிக்கு ஒரு கவலை. "கள்ளுக்கடைய மூடிட்டாங்களே அத்தே, கள்ளு ஊத்தாம ஆப்ப மாவு பொங்குமா?" தேங்காய்த் தண்ணீரைப் புளிக்க வைத்தால் பொங்கும். பொங்காமல் எங்கே போகும்.

மார்ச் 5, சனி

என் கல்யாணச் சீர் அண்டாவைப் பாத்திரக் கடையில் போட்டுக் காசாக்கிக்கொண்டு வண்ணாரப்பேட்டை லியாகத் அலி கடைக்குப் போனேன். போய்ச் சேரும்போது விளக்கு வைத்துவிட்டார்கள். அடியில் கிடந்த ஒரு தானை உருவினேன். மாதா முக்காட்டு நீலம்.

"அது ஊதாம்மா. யாரும் கேக்காத கலரு. உனுக்கு வேணும்னா பாதி வெலைக்கு எடுத்துகினு போ."

"எனக்கா நெறம் தெரியாது? நீலத்தப் போய் ஊதா ஊதான்னுகினு இருந்தா எவன் வாங்குவான்? அதான் விக்கல."

சிரித்தான். "சரிம்மா. நீ சொன்னா நீலந்தான்."

தான் முழுவதையும் வாங்கினேன். ஆறு பேருக்குப் போக மீதியும் இருக்கும்.

மார்ச் 6, ஞாயிறு

தையற்காரன் ஆறு உருப்படிக்குக் கேட்கிற கூலியில் இன்னொரு தான் வாங்கலாம். ரோசி அடுப்பைப் பார்த்தபடியே சொன்னாள். "தண்டையார்பேட்டையில சின்னத்தே கிட்ட மிஷின் கீதே…"

சின்னத்தே என்றால் என் தங்கை ஃப்ளோரன்ஸ். இந்த வீட்டில் அந்தப் பெயரை எடுத்து ஏழு வருஷம் ஆகிறது. ரோசி மறந்திருப்பாள். நான் மறக்கவில்லை.

1942, பாஸ்கு முடிந்த வாரம். ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணமே மூட்டை கட்டியது. ரோசி பிள்ளைகளோடு தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். இன்னாசியை ஹார்பரிலேயே தங்கச் சொல்லிவிட்டார்கள். ஃப்ளோரன்ஸும் அவள் புருஷனும் பொன்னேரிக்கு அந்தப் பக்கம் போக இரட்டை மாட்டு வண்டி பிடித்தார்கள். நானும் ஒரு துணி மூட்டையோடு போய் நின்றேன். வண்டியில் பிள்ளைகள், பாத்திரம், நடுவில் அந்தக் கால் மிஷின், கோணி சுற்றி, கயிறு கட்டி. "எடம் இல்லக்கா" என்றாள். மிஷினுக்கு இடம் இருந்தது, கூடப் பிறந்தவளுக்கு இல்லை! வண்டி போய்விட்டது. அப்புறம் ஒரு மாதம் எங்கள் தெருவில் நானும் ஒரு சொறிநாயும்தான்.

அந்த மிஷினில் என் பேரப்பிள்ளைகளுக்குத் துணி தைப்பதா? கையால் தைப்பேன். நூலும் வாங்கப் போவதில்லை. மாவு மூட்டை வாய் பிரித்த நூல் பந்து பந்தாக வைத்திருக்கிறேன்.

மார்ச் 12, சனி

ஒரு சட்டை முடிந்தது. கழுத்து கொஞ்சம் கோணல். பையன் கழுத்தும் கோணல்தான்.

மார்ச் 19, சூசையப்பர் திருநாள்

மூன்று. விரலெல்லாம் ஊசி குத்தி, மிளகாய் கிள்ள முடியவில்லை.

மார்ச் 27, ஞாயிறு

ஊசிக்காது கண்ணுக்கு அகப்படுவதில்லை. கடைசிப் பேத்தி அமலோற்பவம் காலையில் பள்ளிக்கூடம் போகும் முன் பத்து ஊசியில் நூல் கோத்துத் தலையணையில் குத்திவிட்டுப் போகிறாள். "ஆயா, உனுக்குக் கண்ணு தெரியலியா?" என்கிறாள். ஊசி மட்டம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

ஐந்து முடிந்தது.

ஏப்ரல் 3, ஞாயிறு

இன்று முதல் கோயிலில் சுரூபங்களை மூடிவிட்டார்கள். பாடுகளின் இரண்டு வாரமும் மாதா, சூசையப்பர், அந்தோணியார் எல்லோருக்கும் தலையிலிருந்து கால்வரை ஊதாத் துணி. அமலோற்பவம் என் பக்கத்தில் முட்டி போட்டிருந்தாள். பூசை நடுவில் என் முந்தானையை இழுத்தாள்.

"ஆயா, நம்ம பாஸ்குத் துணியத்தான் மாதாவுக்குப் போத்திக்கீறாங்களா?"

வீட்டுக்கு வந்து சட்டையை வெயிலில் பிடித்து இன்னாசியைக் கேட்டேன், இது என்ன நிறம். தரையைப் பார்த்தான். ரோசியைக் கேட்டேன். "ஊதா அத்தே."

"ஒரு மாசமா ஊட்டுக்குள்ள கெடக்குது, ஏன்மே சொல்லல?"

"உங்க கிட்ட யாரு சொல்றது?"

ஆண்டவர் பாடு பட்டுச் செத்த துக்கத்துக்குப் போர்த்துகிற நிறம். உயிர்த்த அன்று சுரூபங்கள்கூட அதை உரித்துப் போட்டுவிடும், என் பேரப்பிள்ளைகள் ஆறு பேர் அதை மாட்டிக்கொண்டு வரிசையாக உட்காருவார்கள். லியாகத் அலி சொன்னான். நான்தான் அவன் வாயை அடைத்தேன். அவனுக்கு எங்கள் கோயிலில் எதை எப்போது மூடுவார்கள் என்று என்ன தெரியும்? எனக்குத் தெரியும். ஐம்பது வருஷமாகத் தெரியும்.

ஏப்ரல் 4, திங்கள்

"உட்டுடும்மா, பழசப் போட்டுக்கட்டும்" என்கிறான் இன்னாசி.

விடமாட்டேன். மலிவுச் சாயம்தானே? ஏறியது இறங்கும். ஆறு உருப்படியையும் மீதித் துணியையும் மூட்டையாகக் கட்டி வண்ணாத்தி வேம்பு வீட்டுக்குக் கொண்டுபோனேன். வெள்ளாவியில் இரண்டு தரம் வைக்கச் சொன்னேன். "இன்னா ஆயா, புதுத்துணிய வெள்ளாவியில வெக்கச் சொல்றே, புத்தி பெரண்டுடுச்சா?" என்றாள். ஆமாம், வை என்றேன்.

ஏப்ரல் 9, சனி

பாவசங்கீர்த்தனம், பாஸ்குக்கு முன் பாவத்தை அறிக்கையிட வேண்டும். "யார் மேலாவது வன்மம் உண்டா?" என்று சாமியார் கேட்டார். "லியாகத் அலி மேல் இல்லை சாமி" என்றேன். கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை என்று அவருக்கும் தெரியும்.

ஏப்ரல் 12, செவ்வாய்

வேம்பு மூட்டையைக் கொண்டுவந்தாள். ரோசியை வெயிலில் நிறுத்திப் பார்க்கச் சொன்னேன். ஊதாவிலிருந்த நீலச்சாயம் மொத்தமும் ஓடிப்போய், வெளுத்த ரோஜா நிறம். அழகாக இருக்கிறது என்று ரோசி சொன்னாள். முகத்தைப் பார்த்தேன், பயத்தில் சொல்லவில்லை.

பிறகு சட்டையை உதறினேன். கை தனியாக விழுந்தது. அடுத்ததை எடுத்தேன், கழுத்து கையோடு வந்தது. மாவு மூட்டை நூல் வெள்ளாவியில் இற்றுப் போயிருக்கிறது. ஆறு உருப்படியும் துண்டு துண்டு. துணியும் சுருங்கியிருக்கிறது.

"நூல் வாங்கியிருக்கலாம் ஆயா" என்றாள் வேம்பு. வாங்கியிருக்கலாம்.

மிச்சம் நாலு நாள். அதில் பெரிய வெள்ளியன்று ஊசியைத் தொடக்கூடாது. ஆண்டவர் உடம்பில் குத்துவதற்குச் சமம். ஆக மூன்று நாள். இந்தக் கண், இந்த விரல்.

என்ன செய்ய வேண்டும் என்று தெரியும். தெரிந்ததுதான் பேஜாரு.

ஏப்ரல் 13, புதன்

தண்டையார்பேட்டை போனேன். ஃப்ளோரன்ஸ் வாசலில் முறத்தோடு உட்கார்ந்திருந்தாள். புருஷன் செத்துப் போன வருஷம் நான் துக்கத்துக்குக்கூடப் போகவில்லை. தலை முழுக்க வெளுத்திருக்கிறது.

"எங்க ஊட்டுக்கு வயி தெரிஞ்சுதா?" என்றாள்.

"மிஷின் வேணும். நீ வேணாம்."

முறத்தைக் கீழே வைத்தாள். "மிஷின் தனியா வராது. நானும் வருவேன். நீ மிதிச்சா ஊசிய ஒடைச்சிடுவே."

வேறு வழி? "வா" என்றேன். ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பி வந்தேன்.

ஏப்ரல் 14, பெரிய வியாழன்

காலை எட்டு மணி இருக்கும். தெருமுனையில் பிள்ளைகள் கத்தினார்கள். ரிக்‌ஷா வந்தது. இருக்கையில் மிஷின், கோணி சுற்றி, கயிறு கட்டி, மகாராணி மாதிரி உட்கார்ந்திருந்தது. பின்னால் ஃப்ளோரன்ஸ் முக்காட்டைப் போட்டுக்கொண்டு வெயிலில் நடந்து வந்தாள். தண்டையார்பேட்டையிலிருந்து இதுவரை நடை. கால் வீங்கியிருந்தது.

"ரெண்டுக்கும் எடம் இல்லக்கா" என்றாள்.

மோர் கொடுத்தேன்.

துண்டுகளைத் தரையில் பரப்பி ஒரு நிமிஷம் பார்த்தாள். சுருங்கிய இடத்துக்குக் கழுத்துப்பட்டையும் கீழ்க்கரையும் வெள்ளையில் வைக்கலாம் என்றாள். வெள்ளைக்குத் தன் சேலை ஒன்றையே கிழித்தாள். கேட்காமல் கிழித்தாள். சாயங்காலம் கோயிலுக்குப் போகும் வரை மிஷின் ஓடியது. மூன்று முடிந்தது. என் கோணல் கழுத்தைப் பார்த்து, "இது எந்தத் தையக்காரன் தெச்சான், அவன் கைய ஒடிக்க" என்றாள். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

ஏப்ரல் 15, பெரிய வெள்ளி

மிஷினை மூடி வைத்தாகிவிட்டது. கஞ்சிதான். மூன்று மணிச் சடங்குக்கு இன்னும் நேரம் இருந்தது. கைக்கு வேலை இல்லாமல் இரண்டு பேரும் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தோம். நானே கேட்டேன்.

"அன்னிக்கி ஏன்டி மிஷின ஏத்தினே?"

"உட்டுட்டுப் போனா எவனாவது திருடிகினு போயிருப்பான். உன்ன யாரு திருடுவா?"

சிரிப்பு வந்துவிட்டது. பெரிய வெள்ளியன்று! சிலுவை போட்டுக்கொண்டேன். அவள் சிரிக்கவில்லை.

"அவரு கேட்டாரு, மிஷினா, அக்காவான்னு. இத்தினி நாளா அவுரு மேல பழியப் போட்டுகினு இருந்தேன். நாந்தான்க்கா மிஷின்னு சொன்னேன். அங்க போயி எட்டு மாசம் அதுலதான் புள்ளைங்க கஞ்சி குடிச்சிது. ஆனா உன்ன வாசல்ல நிக்கவெச்சிட்டு வண்டி போச்சே, அதத் திரும்பிப் பாக்கல நானு. பாத்தா எறங்கிடுவேன்."

எனக்குக் கோபம் வரவில்லை. ஏன் வரவில்லை என்றுதான் கோபம் வந்தது. ஏழு வருஷம் பத்திரமாக வைத்திருந்தது.

மன்னித்தேன் என்று இதில் எழுதமாட்டேன். பொய் எழுதுகிற நோட்டு இல்லை இது. கோயிலுக்குப் போகும்போது அவள் கால் வீக்கத்துக்காக மெதுவாக நடந்தேன், அவ்வளவுதான்.

ஏப்ரல் 16, பெரிய சனி

காலையில் கோயில் மணி அடித்தது. மூடின துணியெல்லாம் விழுந்தது. ஓடி வந்து மிஷினைத் திறந்தோம். அவள் மிதிக்க, நான் துணி பிடிக்க, அமலோற்பவம் நூல் கோக்க. மதியத்துக்குள் ஆறும் முடிந்தது.

மீதித் துணி மூலையில் கிடந்தது. ஃப்ளோரன்ஸுக்கு ஒரு பேத்தி, ஒன்பது வயசு. ஏழு வருஷமாக அந்தப் பிள்ளைக்கு பாஸ்குத் துணியில் துண்டு கொடுத்ததில்லை.

துணியை மிஷின் மேல் போட்டேன். "இன்னும் ஒண்ணு தை."

"யாருக்கு?"

"தெரியாத மாதிரி கேக்காதே."

ஏப்ரல் 17, உயிர்த்த ஞாயிறு

ஏழு பேர் ஒரே வரிசை. வெளுத்த ரோஜா, வெள்ளைக் கழுத்து. கோயில் வாசலில் ஒருத்தன் எங்களைப் பார்த்துச் சொன்னான், "மதலேனம்மா வூட்டு பேண்டு செட்டு வந்துடுச்சிடா!" எத்தனை வருஷமாகக் கேட்கிற கேலி. இன்று கேட்காமல் போயிருந்தால்தான் வருத்தப்பட்டிருப்பேன். பூசையில் நன்மை, அதான் நற்கருணை, வாங்கினேன்.

ஆப்பம் பொங்கியது. உருளைக்கிழங்கை யாரும் எண்ணவில்லை. ஃப்ளோரன்ஸ் எண்ணினாள், ஆனால் சொல்லவில்லை. பார்த்தேன்.

வெயில் தாழ்ந்ததும் இன்னாசி ரிக்‌ஷா கூப்பிட்டு வந்தான். ஃப்ளோரன்ஸ் மிஷினுக்குக் கோணி சுற்றத் தொடங்கினாள். நான் கோணியைப் பிடுங்கினேன்.

"அது இங்கியே கெடக்கட்டும். நீ ஏறி ஒக்காரு. பேத்திய மடியில வெச்சிக்கோ."

"எனுக்குத் தையல் வேலை கீதுக்கா."

"நாளைக்கி வந்து இங்கியே தை."

என்னைப் பார்த்தாள். ஏறி உட்கார்ந்தாள். ரிக்‌ஷா திரும்பும்போது தலையை வெளியே நீட்டி, மிஷின் சக்கரத்துக்கு எண்ணெய் விட்டு வைக்கச் சொன்னாள்.

விட்டு வைத்திருக்கிறேன்.