பட்டியலில் ஒரு வெற்றிடம்

மிச்சம், லண்டன்
3 ஏப்ரல் 2025

அன்புள்ள இமாவுக்கு,

ஆண்டவர் புண்ணியத்தில் நான் சுகம். நீர் லூயிஷாமில் நிர்மலா அக்கா வீட்டில் சுகமாக இருப்பதாகப் பிறின்சி சொன்னாள். என் மனிசியின் சுகத்தை என் மகள் எனக்குச் செய்தியாக வாசிக்கும் காலம் வந்துவிட்டது. "அப்பா, அம்மா உங்கட நம்பரை புளொக் பண்ணிப்போட்டா. ஏதும் சொல்றதெண்டால் கடிதத்தில சொல்லட்டாம். கடிதத்தில குறுக்க விழ ஏலாதாம்" என்றாள். சரி. கட்டி முப்பத்தொரு வருடமான மனிசிக்கு முத்திரை ஒட்டி எழுதுகிறேன்.

ஆனால் இது குடும்ப விசயம் அல்ல, எல்லே விளையாட்டு விசயம்.

ஞாயிறு பூசை முடிந்து மண்டபத்துப் பக்கம் போனேன். விடிவெள்ளி மகளிர் எல்லே அணியின் இந்த வருடப் பட்டியல் பலகையில் தொங்கியது. அணித் தெரிவு: இம்மாகுலேற். மூன்று தரம் வாசித்தேன். படம் எடுத்துக்கொண்டு வந்து வீட்டில் நாலாம் தரமும் வாசித்தேன். இமா, மே நாலாம் திகதி முதல் ஆட்டம். இந்தப் பட்டியலோடு போனால் மே ஐந்தாம் திகதி நாங்கள் பூசைக்குத் தலைகாட்ட முடியாது.

கோசிகாவை எந்தத் துணிவில் எல்லைக்கோட்டில் நிறுத்தினீர்? பந்து மேலே எழும்பினால் அந்தப் பிள்ளை கண்ணை மூடுகிறது. போன வருடம் ஐந்து பந்து விட்டாள், நான் எண்ணினேன். நகப்பூச்சு உரிந்துவிடும் என்ற பயம் போல. சுசிலா ஓடுவது, திருநாளுக்கு மாதா சுருவம் தூக்கிக்கொண்டு வீதி சுற்றுவது போல் இருக்கும். மற்றப் பக்கத்தார் பந்தைப் பொறுக்கி, துடைத்து, அவவின் மேல் எறிந்து ஆளை வெளியேற்ற நேரம் தாராளமாக உண்டு. டயனா கெட்டிக்காரிதான், ஆனால் ஆஸ்பத்திரி ஷிப்ட் முடித்து அவ சப்பாத்துக் கட்டும்போது ஆட்டம் முடிந்துவிடும்.

அதெல்லாம் போகட்டும். முதலாவதாக அடிக்க இறங்குபவர் என்று யாருடைய பெயர்? உம்முடையது! ஐம்பத்துநாலு வயதில், அந்த முழங்காலோடு.

உச்சக்கட்டம் கடைசி வரியில். பதின்மூன்று பெயரையும் வடிவாக எழுதிவிட்டு, கீழே "பந்து போடுபவர்" என்று எழுதி, அதற்கு எதிரே வெறும் கோடு. எல்லேயில் அடிக்கிறவருக்கு அவருடைய பக்கத்து ஆளேதான் பந்து போடவேண்டும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அந்த ஆள் இல்லாமல் தடியை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள், வேலி அடைப்பீர்களா? இவ்வளவு முக்கியமான பெயரை எழுத எப்படி மறந்தீர்?

வீட்டில் குறை ஒன்றும் இல்லை. இடியப்ப உரலைத்தான் காணவில்லை. கொண்டுபோய்விட்டீரா?

இப்படிக்கு,
செபமாலைமுத்து


லூயிஷாம்
8 ஏப்ரல் 2025

பிறின்சியின் அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. தவக்காலத்தில் கோபப்படுவதில்லை என்று நேர்ந்திருக்கிறேன். ஆகையால் உங்கள் கடிதத்தை இரண்டு தவணையாக வாசித்தேன்.

இடியப்ப உரல் மேல்தட்டில், இடது பக்கம், பிட்டு அவிக்கும் நீத்துப்பெட்டிக்குப் பின்னால். எப்போதும் அங்கேதான் இருக்கிறது.

கோசிகாவுக்கு வயது இருபத்திரண்டு. பயிற்சிக்கு ஒருநாள் தவறவில்லை. கண்ணைத் திறந்து வைத்திருக்கப் பழக்குகிறேன். சுசிலா மெதுவாக ஓடினாலும் ஓடும் வழியில் எந்தத் தரிப்பில் நிற்பது என்று தெரிந்து நிற்பா. அது உங்கள் கண்ணுக்குத் தெரியாது, ஏனென்றால் அந்த நேரம் நீங்கள் கத்திக்கொண்டிருப்பீர்கள். டயனாவை ஏழாவதாக இறக்கினால் ஷிப்ட் பிரச்சினை இல்லை.

என் முழங்காலுக்கு வருகிறேன். ஜனவரியில் கழகக் கூட்டம் நடந்தது. நான் பின்னால் எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நின்றேன். நீங்கள் எழும்பி, "இமா இந்த வருசம் விளையாடமாட்டா, அவவுக்கு முழங்கால் ஏலாது, பேரை வெட்டுங்கோ" என்று சொன்னீர்கள். சனம் கைதட்டியது. இத்தனை வருடம் விளையாடிய எனக்கு நன்றி என்று தலைவர் சொன்னார். கையில் தட்டோடு நின்ற எனக்கு அப்போதுதான் நான் ஓய்வு பெற்றது தெரியவந்தது. பதினொரு குவளை தேத்தண்ணி இருந்தது அந்தத் தட்டில். ஒன்றையும் சிந்தாமல் கொடுத்து முடித்துவிட்டுத்தான் அக்கா வீட்டுக்கு வந்தேன்.

நான் விளையாடுவேன். அணியைத் தெரிவு செய்யும் வேலையையும் கேட்டு வாங்கினேன்.

அக்கா வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் இருக்கிறார், பேஸ்போல் பைத்தியம். என் தடியைக் கண்டு விசாரித்தார். எல்லேயை விளங்கப்படுத்தினேன். பேஸ்போலில் எதிரிதான் பந்து போடுவான், அடிக்க விடாமல் போடுவான். எங்களுக்கு எங்கள் ஆளே போடுவார், நாங்கள் கேட்டபடி போடுவார் என்றேன். மனிதர், "உங்கட ஆளே நீங்கள் கேட்டபடி போட்டால், பிறகு எப்பிடி அடி தவறும்?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரிந்திருந்தது. அதை உங்களுக்கு எழுதுகிறேன்.

போன வருட இறுதி ஆட்டத்தில் ஓர் ஓட்டம்தான் தேவை. "தாழ்த்திப் போடுங்கோ" என்றேன். நெஞ்சுக்கு உயரப் போட்டீர்கள். மூன்று தரமும். தோற்றபிறகு நான் ஏன் அடிக்கவில்லை என்று மைதானத்திலிருந்து வீட்டு வாசல்வரைக்கும், பிறகு சோற்றுக் கோப்பைக்கு முன்னாலும் விளக்கம் சொன்னீர்கள்.

இப்போதைக்கு டயனாவின் தம்பி மேர்வின் பயிற்சியில் பந்து போடுகிறான். ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் "அக்கா, எப்பிடிப் போட?" என்று கேட்கிறான்.

கோட்டைப் பற்றிக் கேட்டீர்கள். நான் எதையும் மறக்கவில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். இங்கே இரண்டு தெரு தள்ளி ஓர் ஒற்றை அறை வீடு பார்த்திருக்கிறேன். மே முதலாம் திகதி ஒரு வருடத்துக்குக் கையெழுத்துப் போடவேண்டும். பிறின்சி மூலம் கேள்விப்படாமல் நானே சொல்வது முறை என்று எழுதுகிறேன்.

இம்மாகுலேற்


மிச்சம்
குருத்து ஞாயிறு, 13 ஏப்ரல் 2025

அன்புள்ள இமாவுக்கு,

உரல் கிடைத்தது. இடியப்பம் வரவில்லை. கூழ் வந்தது.

ஒற்றை அறை வீட்டைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. லூயிஷாமில் இருந்து மிச்சத்துக்குப் பயிற்சிக்கு வர ரயில், பஸ், டிராம் எல்லாம் ஏறவேண்டும். ஆடுகிறவரின் கால் அதிலேயே அரைவாசி தேய்ந்துவிடும் என்று மட்டும் சொல்கிறேன். இதுவும் விளையாட்டு விசயம்தான்.

மறக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர். அப்படியென்றால் ஆள் கிடைக்கவில்லை என்று விளங்குகிறது. அதற்கு ஏன் இவ்வளவு பெரிய கடிதம்? என்னிடம் கேட்டால் நான் ஆள் பிடித்துத் தரமாட்டேனா?

எங்கள் கழகத்து ஞானேஸ்வரன் இருக்கிறார். கை நேரானது. ஆனால் ஒன்பது மணி ஆட்டத்துக்குப் பத்தரைக்கு வருவார். மேர்வின் வேண்டவே வேண்டாம். நேற்று நீங்கள் மிச்சம் கொமன் புல்வெளியில் பயிற்சி செய்ததை மரத்தடியில் நின்று பார்த்தேன். (தற்செயலாக. டிராமுக்கு வந்தவன்.) "எப்பிடிப் போட, எப்பிடிப் போட" என்று அவன் கேட்டுக்கொண்டு நிற்கிறான். அவன் பந்து போட வந்தவனா, சாப்பாட்டுக் கடையில் ஓடர் எடுக்க வந்தவனா? காற்றைப் பார்க்கவேண்டும், வெயில் எந்தப் பக்கம் என்று பார்க்கவேண்டும், அடிக்கிறவருக்கு எது நல்லதென்று போடுகிறவருக்குத் தெரியவேண்டும். போன வருடம் காற்று எதிர்ப்பக்கமாக அடித்தது. தாழ்த்திப் போட்டிருந்தால் உம்முடைய அடி நிலத்தோடு போயிருக்கும். உம்முடைய நன்மைக்குத்தான் உயர்த்திப் போட்டேன்.

ஜனவரி விசயமும் அப்படித்தான். இரண்டு படி ஏறினால் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர். எக்ஸ்ரேக்குக் கூட்டிக்கொண்டு போனவன் நான். விளையாட வேண்டாம் என்று கேட்டால் மாட்டேன் என்று சொல்வீர். அதனால்தான் கேட்கவில்லை.

கோசிகா நேற்றும் ஒரு பந்து விட்டாள்.

நீர் கடைசியாக அடித்த அடி டிராம் தண்டவாளத்துப் பக்கம் போய் விழுந்தது. பார்த்துக்கொண்டு நின்ற ஒரு ஆள் என்னைப் பார்த்து, அது யார் என்று கேட்டார். மரத்துக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன். பட்டியல் பிழைதான், ஆனால் அந்த அடி நல்ல அடி.

இப்படிக்கு,
செபமாலைமுத்து


லூயிஷாம்
பெரிய வியாழன், 17 ஏப்ரல் 2025

பிறின்சியின் அப்பாவுக்கு,

கோபப்படுவதில்லை என்ற நேர்த்தியை முறித்துவிட்டேன். உயிர்ப்பு ஞாயிறுக்கு மூன்று நாள்தான் இருந்தது, உங்களால் அதுவும் போயிற்று.

"கேட்டால் மாட்டேன் என்று சொல்வீர், அதனால்தான் கேட்கவில்லை." இந்த வரியை அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். அவ சிரித்தா. எனக்குச் சிரிப்பு வரவில்லை. முப்பத்தொரு வருடமாக எனக்கு விளங்காத ஒன்றை நீங்களே ஒரு வரியில் எழுதித் தந்துவிட்டீர்கள்.

பாரிசில் நான் தையல் கடையில் வேலை முடிந்து வந்தபோது சாமான் எல்லாம் பெட்டியில் இருந்தது. லண்டனுக்குப் போகிறோம் என்றீர்கள். என் நன்மைக்கு, பிள்ளையின் நன்மைக்கு. வந்தேன். நான் லூர்து மாதாவிடம் யாத்திரை போய் வந்தபோது குசினி முழுக்கக் கறுப்பு டைல்ஸ். நீங்கள் டைல்ஸ் பதிக்கிற மனிதர். தெற்கு லண்டன் முழுக்கச் சனத்தின் வீட்டுக்குப் போய், "என்ன நிறம் வேணும், எந்த அளவு வேணும், கோடு எவ்வளவு விடட்டும்" என்று பணிவாகக் கேட்கிறீர்கள். நான் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன். உங்களுக்குக் கேட்கத் தெரியும். எனக்கு மட்டும் கேட்காமல் கறுப்பு. ஒரு சொட்டு மா விழுந்தாலும் தெரிகிற கறுப்பு. பதினாறு வருடமாகத் துடைக்கிறேன்.

என் முழங்கால் எனக்குத் தெரியும். அது நோகிறது. நோவோடு ஓடலாமா, உட்காரலாமா என்பதை நான் சொல்லவேண்டும். நீங்கள் முழங்காலைப் பார்த்தீர்கள், உண்மைதான். முழங்காலுக்கு மேலே ஓர் ஆள் இருப்பதைப் பார்க்கவில்லை.

உங்களில் எனக்கு வெறுப்பு இல்லை. இருந்திருந்தால் எவ்வளவு லேசாக இருந்திருக்கும்! மரத்துக்குப் பின்னால் நீங்கள் நின்றதைக் கண்டேன். அந்த மஞ்சள் சட்டையோடு எந்த மரத்துக்குப் பின்னாலும் ஒளிக்க முடியாது. கண்டபிறகுதான் அந்த அடி அடித்தேன். அதை நினைக்க எனக்கே என்னில் எரிச்சல் வருகிறது.

அந்தக் கோடு உங்களுக்காக விட்டது. ஆள் கிடைக்காமல் அல்ல. உங்களுக்கு இதைச் சொல்லித்தான் விளங்கவேண்டும் என்றால் சொல்கிறேன், வெட்கமாக இருந்தாலும். எங்கள் லீக்கில் பந்து போடுபவர் ஆணாகவும் இருக்கலாம். அந்தப் பெயர் உங்களுடையதாக இருக்கவேண்டும் என்று நினைத்தேன். நீங்களோ எனக்கு ஞானேஸ்வரனைத் தந்தீர்கள்.

சாப்பாட்டுக் கடையில் ஓடர் எடுப்பவன் என்று மேர்வினைப் பழித்தீர்கள். அந்த ஓடரை எடுக்க ஒரு மனிதர் இல்லாமல்தான் நான் இத்தனை காலம் வந்த பந்தையெல்லாம் அடித்துப் பார்த்தேன்.

இருபத்தாறாம் திகதி சனிக்கிழமை பட்டியல் லீக்குக்குப் போகவேண்டும். அதற்குள் உங்களிடமிருந்து ஒன்றும் இல்லையென்றால் கோட்டில் மேர்வினின் பெயரை எழுதுவேன். மே முதலாம் திகதி வீட்டுக்கும் கையெழுத்துப் போடுவேன். விளக்கம் எழுதவேண்டாம். காற்றைப் பற்றி ஒன்றும் எழுதவேண்டாம்.

இம்மாகுலேற்


மிச்சம்
22 ஏப்ரல் 2025

அன்புள்ள இமாவுக்கு,

நாலு பக்கம் எழுதினேன். கிழித்துப்போட்டேன். காற்றைப் பற்றி ஒன்றரைப் பக்கம் இருந்தது. கோசிகாவைப் பற்றி எழுதியதையும் கிழித்தேன், அதுதான் மிகவும் கஷ்டமாக இருந்தது.

நேற்று குசினியில் நின்று பார்த்தேன். நான் அவித்த இடியப்ப மா நிலமெல்லாம் கிடந்தது. முக்கால் மணித்தியாலம் துடைத்தேன். இன்னும் தெரிகிறது.

எப்பிடிப் போட?

செபமாலை


லூயிஷாம்
24 ஏப்ரல் 2025

இஞ்சாருங்கோ,

முழங்கால் உயரத்துக்கு. மெதுவாக. வெளிப்பக்கமாக ஒரு சாண் தள்ளி. பந்து கையை விட்டபிறகு வாய் திறக்கக்கூடாது. அடி தவறினாலும் திறக்கக்கூடாது. அடுத்த பந்துக்கு முன்னால் திரும்பவும் கேட்கவேண்டும்.

பட்டியலில் உங்கள் பெயரை எழுதிவிட்டேன். பென்சிலால்தான். சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கொமனுக்கு வாருங்கோ. பத்துப் பந்து போட்டுப் பார்த்துவிட்டுப் பேனையால் எழுதி அனுப்புவேன். மேர்வினிடம் சொல்லிவிட்டேன். அவனுக்குக் கவலை இல்லை, சனிக்கிழமையில் பஸ் ஓட்டினால் ஓவர்டைம் என்கிறான்.

வீட்டுக்காரரிடம் கையெழுத்தை ஒரு மாதம் தள்ளிப் போடலாமா என்று கேட்டேன். சரி என்றார். ஒரு மாதம்தான். நல்லாய்க் கேட்டுக்கொள்ளுங்கோ, நான் இன்னும் வரவில்லை. குசினி டைல்ஸைப் பற்றி நீங்கள் ஏதும் செய்ய நினைத்தால், கையில் உளியை எடுக்க முன்னம் எனக்கு ஒரு கடிதம் போடவேண்டும்.

நிலத்தில் கிடக்கிற மாவை ஈரத் துணியால் துடைக்கக்கூடாது. முதலில் விளக்குமாறு.

வேறொன்று. கோசிகாவைப் பற்றி எழுதியதை ஏன் கிழித்தீர்கள்? நேற்று மூன்று பந்து விட்டாள். மூன்றுக்கும் கண்ணை மூடினாள். அக்காவுக்குச் சொன்னால் விளங்குதில்லை, டயனாவுக்குச் சொன்னால் பாவம் பிள்ளை என்கிறா. அந்தப் பிள்ளையை என்ன செய்கிறது என்று சனிக்கிழமை வரும்போது எனக்குச் சொல்லுங்கோ. நான்தானே கேட்கிறேன்.

இமா