முன்வரிசையில் நின்ற அண்ணனுக்கு

அண்ணே,

இன்று நான் பேண்டேஜ் சுருட்டும் கம்பெனியில் புதிய துணி வந்து இறங்கியது. பேல் பொதியைப் பிரித்ததும் சலவை மருந்தின் வாடை முகத்தில் அடித்தது. வேலை ஓடாமல் உட்கார்ந்துவிட்டேன்.

அமெரிக்காவிலிருந்து வீடியோவில் பேசும்போதெல்லாம் உன் விரல்களில் கட்டு இருக்கும். "ஏட்டி, இது நீ சுத்துன துணியாக்கூட இருக்கும்" என்று சிரிப்பாய். நானும் சிரிப்பேன். அந்த விரல்கள் எத்தனை முறை உடைந்தன என்று ஒருநாளும் கேட்டதில்லை.

பதினான்கு வயதில் அத்தையும் மாமாவும் ராஜபாளையத்திலிருந்து உன்னை அமெரிக்காவுக்குத் தங்களோடு கூட்டிப் போனார்கள். இங்கிலீஷ் வராததால் வகுப்பில் யாரும் உன்னோடு பேசவில்லை. உன் உடம்பைப் பார்த்து, பந்தைக் கையில் ஏந்தி ஒருவரையொருவர் மோதி ஆடும் அந்த ஊர் ஃபுட்பால் ஆட்டத்தில் சேர்த்தார்கள். மைதானத்தில்தான் முதன்முதலாக உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்றாய். பிறகு கல்லூரி, அதன்பின் சம்பளத்துக்கு ஆடும் பெரிய அணி. அம்மா தெருவெல்லாம் சொல்லித் தீர்த்தாள்.

நான் செல்போனில் ஆட்டம் பார்ப்பேன். பந்து உன்னிடம் வரவே வராது. "நான் முன்வரிசை ஆளு, பந்தத் தொட மாட்டேன்டி. எனக்குப் பின்னால பந்து வச்சிருக்கவன எவனும் நெருங்காமத் தடுக்கணும். அம்புட்டுதான் என் வேலை." தலையோடு தலை மோதுவதைப் பார்த்துப் பயந்தேன். "ஹெல்மெட் இருக்குல்லா, ஒண்ணும் ஆகாது" என்றாய். நம்பினேன்.

முழங்கால் கெட்டு, அணி உன்னைக் கழற்றிவிட்டபின் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு, மடவார் வளாகம் கோவில் பக்கம் நான் குடிமாறித் தனியாக இருந்த வீட்டுக்கே வந்தாய். அம்மா அப்போது உயிரோடு இல்லை. ஒருநாள் கோவிலிலிருந்து இரண்டு தெரு தள்ளி, வீட்டுக்கு வழி தெரியாமல் நின்றாய். மதுரை டாக்டர் ஸ்கேனைப் பார்த்தார். "இத்தன வருஷம் தலையில வாங்குன அடிதாம்மா காரணமா இருக்கணும். சரிபண்ண மருந்து கிடையாது" என்றார்.

அன்று சாயங்காலம், பஸ் ஸ்டாண்டில், ஒரு பெரியவர் பஸ்ஸைப் பிடிக்க என் பக்கமாக ஓடிவந்தார். மைதானத்தில் மோதப் போகிறவன்போல நீ குனிவதைப் பார்த்தேன். நான் கத்துவதற்குள் அவர் தரையில் கிடந்தார். கை ஒடிந்திருந்தது.

"அவன் உன்ன இடிக்க வந்தாம்டி. தடுத்துட்டேன்." உன் முகத்தில் அத்தனை நிம்மதி.

பெரியவரின் காலில் விழுந்தேன். போலீசுக்குப் போகமாட்டேன் என்றார். "ஆனா இவர வெளிய விடாத தாயி. அடுத்தாப்புல பச்சப்பிள்ள மேல விழுந்தா என்ன செய்வ?" என்றார்.

நான் வேலைக்குப் போனால்தான் நமக்குச் சோறு. மறுநாளிலிருந்து கிளம்பும்போது உன் அறையை வெளியே தாழ் போட்டேன்.

"உள்ளேயே இருண்ணே. வந்துருதேன்."

"சரிடி. நீ போயிட்டு வா."

ஐந்து மாதம் இப்படிப் போயிற்று. ஒருநாள் வேலை முடிந்து வந்து தாழை நீக்கினேன். கட்டிலுக்குக் கீழே கிடந்தாய். மாரடைப்பில் உயிர் போயிருக்கிறது என்றார்கள். எப்போது விழுந்தாய், என்னைக் கூப்பிட்டாயா என்று யாருக்கும் தெரியவில்லை.

அது பழைய பலகைக் கதவு. உன் தோள் ஒருமுறை பட்டிருந்தால் நிலையோடு பெயர்ந்திருக்கும். நீ அதைத் தள்ளவே இல்லை. என் பெயரைக்கூட மறந்திருந்த உனக்கு, நான் சொன்ன அந்த ஒரு சொல் மட்டும் எப்படி நினைவில் நின்றது? இருக்கச் சொன்னேன், இருந்தாய். அதைத்தான் சுமந்துகொண்டு திரிகிறேன், அண்ணே.