வலையில் நிற்காத குருணை

ஜூலை 8, செவ்வாய்

இன்றைக்கும் ஃபோர்க்லிஃப்ட் கொம்பு பட்டு ஒரு பெரிய பை கிழிந்தது. யார்டு முழுக்க வெள்ளைக் குருணை. காரின் உள்பக்கப் பாகங்கள் வார்க்கிற பிளாஸ்டிக் எங்களிடம் இந்த வடிவில்தான் வருகிறது, ஜவ்வரிசி மாதிரி. காலை வைத்தால் வழுக்கும். அள்ளிவிடலாம் என்று, என்னோடு ஸ்டோர்ஸில் வேலை பார்க்கிற இசக்கிசெல்வியைத் துடைப்பம் எடுத்து வரச் சொன்னேன். அதற்குள் மேனேஜர் ரகுபதி சார் வந்துவிட்டார். கஸ்டமர் வருகிற நேரம், ஹோஸ் போட்டு அடித்துவிடுங்கள் என்றார். தண்ணீரோடு தண்ணீராக எல்லாம் சுவரோரக் கால்வாய்க்குள் போயிற்று. ஸ்டோர்ஸ் இன்சார்ஜ் நான். பார்த்துக்கொண்டு நின்றேன்.

வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரர் லோகேஷிடமிருந்து மெசேஜ். "வலை இறக்கியாச்சு சசி."

கப்பலில் ஃபிட்டர் அவர். இத்தனை வருஷம் சரக்குக் கப்பல். இந்தத் தடவைதான் கடல் குப்பை அள்ளுகிற கப்பல். பசிபிக் நடுவில் இரண்டு கப்பல்கள் ஒரு நீளமான வலையை வளைத்துப் பிடித்து மெதுவாக இழுக்குமாம். சம்பளம் ஒன்றும் கூடுதல் இல்லை. ஆனால் போகும்போது முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. இன்றைக்கு அந்த மெசேஜைப் படித்ததும் என்னவோ நெஞ்சில் உறுத்தியது. பதில் போடவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

லோகேஷ் வீடியோவில் வந்தார். பாதி நேரம் படம் உறைந்துபோனது. தீவு மாதிரி மிதக்கும் என்று நினைத்திருந்தேன். அப்படியெல்லாம் ஒன்றும் இல்லையாம். தூரத்தில் பார்த்தால் வெறும் தண்ணீர், கிட்டப் போனால்தான் தெரியுமாம். மீன்பிடி வலைகள், பழக்கூடைகள், ஒரு ஹெல்மெட், யாருடையதோ ஒரு பல்துலக்கி. ஒரு கூடையில் நண்டுகள் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தனவாம்.

அத்தை, லோகேஷின் அம்மா, என் தோள்வழியாக எட்டிப் பார்த்துக் கேட்டார். "அதையெல்லாம் எட்த்துகினு போயி எங்கடா கொட்டுவாங்க?"

கனடாவில் இறக்கி, பிரித்து, உருக்கி, மறுபடி பொருள் செய்வார்கள் என்றார் லோகேஷ். அத்தைக்குத் திருப்தி இல்லை. அப்பறம் அது பழசானா எங்க போவும் என்று கேட்டார். அதற்குள் லைன் போய்விட்டது.

ஜூலை 25, வெள்ளி

எதிலும் மனம் நிற்கவில்லை. மூன்று தடவை ஸ்டாக் எண்ணினேன், மூன்று தடவையும் தப்பு.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை ஓ.டி. சாப்பாட்டு நேரத்தில் நானும் இசக்கிசெல்வியும் காம்பவுண்டுக்கு வெளியே கால்வாயைப் பிடித்துக்கொண்டே நடந்தோம். ஏன் போனேன் என்று கேட்டால் தெரியாது. உட்கார முடியவில்லை, அவ்வளவுதான்.

கால்வாய் சாலைக்கு அடியில் புகுந்து, வேறு இரண்டு கம்பெனித் தண்ணீரையும் சேர்த்துக்கொண்டு ஏரிக்குப் போகிறது. ஏரி நிரம்பினால் உபரித் தண்ணீர் வழிகிற கலங்கல் வழியாக ஓடை, ஓடையிலிருந்து அடையாறு, அப்புறம் கடல். ஏரிக்கரை ஓரத்தில் தண்ணீர் தொடுகிற இடம் முழுக்க வெள்ளைக் கோடு. கொக்கு ஒன்று அந்தக் கோட்டைக் கொத்திக்கொண்டிருந்தது. சில குருணை மஞ்சளாகியிருந்தது. எத்தனை வருஷத்துச் சரக்கோ.

இசக்கிசெல்வி திருச்செந்தூர்ப் பக்கம். சுங்குவார்சத்திரத்தில் நாலு பெண்களோடு ரூம் எடுத்திருக்கிறாள். கான்ட்ராக்ட்டில் இருப்பதால் எதற்கும் அதிகம் வாய் திறக்கமாட்டாள். இன்றைக்குச் சொன்னாள்: "எங்கூர் கடக்கரையிலயும் இது கிடக்குக்கா. சின்னப்பிள்ளயில பாசிமணின்னு கோத்து வெளயாடிருக்கேன்."

ஆகஸ்ட் 12, செவ்வாய்

கால்வாய் வாயில் பச்சை வலை கட்டினோம், நர்சரிகளில் நிழலுக்குப் போடுவார்களே அது. யார்டைக் கழுவிவிட்டுப் பார்த்தால் அரை வாளி நின்றிருந்தது. இசக்கிசெல்வி கையில் அள்ளி அள்ளிப் பார்த்தாள். இரண்டு பேரும் ஏதோ சாதித்த மாதிரி டீ குடித்தோம்.

ஆகஸ்ட் 20, புதன்

சாயங்காலம் பேய்மழை. வலையில் இலையும் குருணையும் அடைத்துக்கொண்டு தண்ணீர் எதிர்த்து யார்டுக்குள் ஏறி, டெஸ்பாட்ச் அட்டைப்பெட்டிகளெல்லாம் நனைந்துவிட்டன. ரகுபதி சார் மழையிலேயே இறங்கி வலையைப் பிய்த்து எறிந்தார். கத்தவில்லை. சோர்ந்துபோய்த்தான் கேட்டார். "நல்ல காரியம்தான்மா. இந்தப் பெட்டிக்கு யார் பதில் சொல்றது, நீயா?"

அவர் சொல்வதும் நியாயம்தான். அதுதான் இன்னும் எரிச்சல். திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன்.

வலை போனதும் மொத்தமும் ஒரே மூச்சில் உள்ளே போயிற்று. வெள்ளையாக, நுரை மாதிரி. போனில் படம் எடுத்தேன். ஓரத்தில் கிழிந்த பை ஒன்றும் தெரிகிறது.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

லோகேஷ் குரல் சரியில்லை. பெரிய அலையில் வலையின் ஒரு பக்கம் கிழிந்து, நாள்கணக்கில் இழுத்ததில் பாதி மறுபடி கடலுக்கே போய்விட்டதாம். மிச்சத்தை மேலே தூக்கினால் உள்ளே ஓர் ஆமை. செத்துப்போயிருந்ததாம். ஆமை தப்பிக்க வழி வைத்துத்தான் வலை செய்திருக்கிறார்கள், கேமராவும் இருக்கிறது. இருந்தும் செத்துவிட்டது.

"டெக்கு ரொம்பி வழியுது சசி. பாத்தா மலை மாரி கீது. திரும்பி கடலப் பாத்தா, எத்த எடுத்தோம்னே தெரியல. பெருசு தான் மாட்டுது. பொடிசு எல்லாம் வலையில நிக்கவே மாட்டேங்குது. வலைக் கண்ண சின்னதா வெச்சா மீன் குஞ்சுங்கோ சாவும். பெருசா வெச்சா பொடிசு போயிடும். இன்னா தான் பண்றது?"

பொடிசு என்றால் எப்படி இருக்கும் என்று கேட்டேன். ஒரு படம் அனுப்பினார். கப்பல்காரர் யாரோ ஒருவரின் உள்ளங்கை. அதில் சின்னச் சின்ன நீலத் துண்டுகள், நடுவே உருண்டையாக மஞ்சள் குருணை.

எனக்கு அடையாளம் தெரியாதா அது?

என் போனில் இருந்த படத்தை அவருக்கு அனுப்பினேன். கீழே எழுதினேன்: நீங்க அங்க வாருங்க, நான் இங்க கொட்டறேன்.

செப்டம்பர் 9, செவ்வாய்

என்ன செய்து வைத்திருக்கிறார் பாருங்கள் இந்த மனுஷன்.

என் படத்தைக் கப்பலில் இருக்கிற விஞ்ஞானியிடம் காட்டியிருக்கிறார். அந்தப் பெண் அழுதேவிட்டாளாம். கப்பலை நடத்துகிற அமைப்பின் இணையப் பக்கத்தில் போட்டுவிட்டார்கள். இது எங்கிருந்து வருகிறது பாருங்கள் என்று. கிழிந்த பையில் எங்கள் கம்பெனிப் பெயர் பளிச்சென்று. எங்களிடம் பாகம் வாங்குகிற கார் கம்பெனிவரை போய்விட்டது.

கேட்டிலேயே என் கார்டை வாங்கிக்கொண்டார்கள். விசாரணை முடிகிறவரை வரவேண்டாமாம். கம்பெனி பஸ்ஸிலும் ஏறக்கூடாது. ஷேர் ஆட்டோவில் பென்னலூர் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

போன் பண்ணினேன். எடுத்தார்.

"என்ன ஒரு வார்த்த கேட்டியா நீ?"

நீங்க என்றுதான் எப்போதும் பேசுவேன். இன்றைக்கு வரவில்லை.

"நல்லதுன்னு தான் சசி..."

"யாருக்கு நல்லது? நீ அங்க ஹீரோ. நான் இங்க ரோட்டுல நிக்கிறேன்."

அந்தப் பக்கம் இன்ஜின் சத்தம் மட்டும் கேட்டது. மன்னிப்பு கேட்டாரா, லைன் விட்டுவிட்டதா, தெரியவில்லை. நானும் மறுபடி போடவில்லை.

செப்டம்பர் 10, புதன்

அலமாரியைக் காலி செய்து அடுக்கினேன். மறுபடி காலி செய்தேன். அத்தை கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு என் கையிலிருந்த புடவையை வாங்கி வைத்தார். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். மகனைத்தான் திட்டினார். "அவன் தண்ணியில கீறான். தரையில நிக்கிறவ கஷ்டம் அவனுக்கு இன்னா தெரியும்? உன் போட்டோவ நீ தான காட்டணும்."

செப்டம்பர் 12, வெள்ளி

எச்.ஆர். சாரதா மேடம் கூப்பிட்டார். கண்ணாடி அறை, ஏ.சி., எனக்கு ஒரு காபி. படம் எங்கள் யார்டில் எடுத்ததில்லை, பழைய பையை யாரோ வெளியே போட்டிருக்கிறார்கள் என்று கையெழுத்துப் போட்டால் திங்கட்கிழமை வேலைக்கு வரலாம். வலை கட்டிய விஷயத்தில் இசக்கிசெல்வி பெயரும் அடிபடுகிறதாம். நான் போட்டுவிட்டால் அதுவும் அத்தோடு முடிந்துவிடும்.

யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். என்ன யோசிக்க? ஒரு கையெழுத்து. எல்லாரும் வீட்டுக்குப் போகலாம்.

ஏரியில் அந்தக் கோடு மட்டும் இருக்கும்.

செப்டம்பர் 14, ஞாயிறு

இசக்கிசெல்வி வீட்டுக்கு வந்தாள். அத்தை தோசை ஊற்றிக் கொடுத்தார். சாப்பிட்டு முடித்துத் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"எனக்காக கையெழுத்துப் போடாண்டாம்னு நான் சொல்ல மாட்டேன்க்கா. எனக்கு இந்த வேலை வேணும். ஆனா போடுங்கன்னும் சொல்ல முடியல."

சொல்லிவிட்டு அழுதாள். நான் அழவில்லை. அவள் அப்படிச் சொன்னது எனக்கு ஒருவிதத்தில் நிம்மதியாக இருந்தது. இத்தனை நாளில் யாரும் என்னிடம் உள்ளதை உள்ளபடி பேசவில்லை.

லோகேஷ் நாலு தடவை கூப்பிட்டுவிட்டார். எடுக்கவில்லை.

செப்டம்பர் 15, திங்கள்

முடிந்தது.

உள்ளே போனேன். சாரதா மேடமும் ரகுபதி சாரும் இருந்தார்கள். படம் நம் யார்டுதான், எடுத்தது நான், வலை கட்டியதும் நான் மட்டும், இசக்கிசெல்விக்கு ஒன்றும் தெரியாது என்றேன். கடைசியாகச் சொன்னது பொய். ரகுபதி சாருக்கு அது பொய் என்று தெரியும். மழையில் அவளும் என் பக்கத்தில்தானே நின்றாள். என்னையே பார்த்தார். பிறகு மேடமிடம், ஆமா மேடம், அந்தப் பொண்ணு அங்க இல்ல என்றார்.

நீங்களாகவே விலகிக்கொள்ளுங்கள், நல்லபடியாக அனுபவச் சான்று தருகிறோம் என்றார்கள். எழுதிக் கொடுத்தேன்.

வெளியே வந்தபோது வெயில். பசித்தது. எதிர்க்கடையில் இரண்டு வடை வாங்கி நின்றபடியே தின்றேன்.

செப்டம்பர் 16, செவ்வாய்

லோகேஷ் போனை எடுத்தேன். நடந்ததைச் சொன்னேன். "உன்ன கேட்டுட்டு காட்டியிருக்கணும்" என்றார். ஆமாம் என்றேன். சரி பண்ணிவிடலாம் என்றெல்லாம் சொல்லவில்லை. அதனால் பேச முடிந்தது.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. மழை. லோகேஷ் இல்லாத தீபாவளி பழக்கம்தான். வேலை இல்லாத தீபாவளி இதுதான் முதல். அத்தை எனக்கும் சேர்த்துப் பலகாரம் தின்றார்.

நவம்பர் 6, வியாழன்

இசக்கிசெல்வி பேசினாள். கார் கம்பெனிக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுக் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்களாம். கால்வாய் வாயில் இரும்புத் தொட்டி கட்டி, அடுக்கடுக்காகச் சல்லடை போட்டிருக்கிறார்கள். சந்தோஷமாக இருந்தது. அடுத்து அவள் சொன்னது: பெருமழையில் தொட்டி நிரம்பி மேல்வழியாகப் போய்விடுகிறது, பாதிதான் நிற்கிறது. ரகுபதி சார் குடையோடு நின்று ஆள் வைத்து அள்ளுகிறாராம்.

பாதி.

வைத்ததற்குச் சிரிக்கவா, போகிறதற்கு அழவா? வீட்டுக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தேன்.

நவம்பர் 18, செவ்வாய்

லோகேஷ் வந்துவிட்டார். கறுத்து, இளைத்து. வாசலிலேயே அத்தை ஒரு பாட்டம் திட்டித் தீர்த்த பிறகுதான் தண்ணீர் கொடுத்தார். அவர் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டார், திட்டையும் தண்ணீரையும்.

நவம்பர் 23, ஞாயிறு

ஏரிக்குப் போகலாம் என்று அவர்தான் கேட்டார். கரையில் இறங்கியதும் உட்கார்ந்து பொறுக்க ஆரம்பித்துவிட்டார். கைக்குட்டை நிரம்பியது, சட்டைப் பை நிரம்பியது. போதும் வாங்க, முடிகிற வேலையா இது என்றேன். நிமிரவே இல்லை.

"இங்க கைக்கு எட்டுது சசி."

பக்கத்தில் உட்கார்ந்து நானும் பொறுக்கினேன். இருட்டிய பிறகுதான் எழுந்தோம்.

திரும்பி வரும்போது சொன்னார். வசந்தத்தில் கப்பல் மறுபடி கிளம்புகிறது, கூப்பிட்டிருக்கிறார்கள், போகட்டுமா என்று கேட்டார். என்னிடம் கேட்டார். அதை எழுதி வைக்கவேண்டும்போல் இருக்கிறது.

ஆமை செத்த பிறகுமா என்றேன். அங்கே மிதக்கிற பழைய வலைகளிலும் ஆமை மாட்டிச் சாகிறது, அவை தானாகப் போகாது, யாராவது எடுக்கத்தான் வேண்டும் என்றார். யோசித்துப் பார்த்தேன். சரி என்றேன். கோபத்தில் சொன்ன சரி இல்லை.

டிசம்பர் 8, திங்கள்

புதுக் கம்பெனியில் முதல் நாள். இதுவும் ஒரகடம்தான், பழைய கம்பெனியிலிருந்து இரண்டு சாலை தள்ளி. இவர்கள் பிளாஸ்டிக் தண்ணீர் டேங்க் வார்க்கிறார்கள். ஸ்டோர்ஸ் அசிஸ்டென்ட், முன்னே இருந்ததைவிட ஒரு படி கீழே. பரவாயில்லை. சூப்பர்வைசர் நல்லவராகத் தெரிகிறார். இந்த வேலையாவது நிலைக்கவேண்டும். வாயை மூடிக்கொண்டு இரு என்று பஸ்ஸில் வரும்போதெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மதியம் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போனவள், கால் போன போக்கில் ஷெட்டுக்குப் பின்னால் போய்விட்டேன். சுவரோரம் மழைத்தண்ணீர்க் கால்வாய். குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது செக்யூரிட்டி வந்துவிட்டார், வயசானவர்.

"இன்னாம்மா தேடற?"

கம்மல் விழுந்துவிட்டது என்றேன். வேறு என்ன சொல்ல?

அடடா என்று லத்தியைச் சுவரில் சாய்த்துவிட்டு அவரும் குனிந்தார். புல்லை விலக்கினார். மண்ணைக் கிளறினார். கொஞ்ச நேரம் கழித்து உள்ளங்கையில் வெள்ளையாக எதையோ அள்ளி எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாம்மா இது, இவ்ளோ கீது?"