எடுக்காத சிப்பாய்

மார்ச் 4

இறைவன் துணை.

எங்கிருந்தாலும் நலமாக இருக்க வேண்டிய உங்களுக்கு,

ஞாயிறு மாலை நம் வீட்டு முன்னறையில் இருந்தவர்கள்: நான், நம் மகள், மாடி வீட்டு மருந்துக்கடைக்காரர், அவர் மனைவி, நாற்காலிக்கு அடியில் அவர்களுடைய பூனை. வேறு யாரும் இல்லை. இவ்வளவு சுத்தமாக எழுதுவதற்குக் காரணம், நடந்ததை மகள் உங்களுக்குக் கண், காது, மூக்கு வைத்து எழுதப்போகிறாள். அதற்கு முன் என் கடிதம் வந்து சேரட்டும்.

நான் சதுரங்கம் கற்றுக்கொள்கிறேன். நீங்கள் விட்டுப்போன பலகைதான். கறுப்புக் குதிரை ஒன்றைக் காணவில்லை. அதன் இடத்தில் இருமல் மருந்து பாட்டிலின் மூடி நிற்கிறது. உங்கள் ஆங்கிலப் புத்தகத்தையும் பரணிலிருந்து இறக்கி, பக்கத்தில் அகராதியை வைத்துக்கொண்டு படித்தேன். முதல் பாடத்தின் பெயர் குயின்ஸ் காம்பிட். குயின் என்றால் தெரியும். காம்பிட் என்பதற்கு அகராதியில், பின்னால் வரும் ஆதாயத்துக்காக முன்னால் கொடுக்கும் பலி என்று போட்டிருந்தது. ஆக, ராணியைப் பலி கொடுத்து ஆரம்பிக்கும் ஆட்டம் என்று எடுத்துக்கொண்டேன். புத்தகத்தில் பக்கத்திலேயே இருந்த பலகைப் படத்தைப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.

ஞாயிறுதோறும் மருந்துக்கடைக்காரரோடு ஆடுவேன். முதல் வாரம் அவர் ராணியை எடுத்து மரியாதையாக என்னிடமே நீட்டினார். "கை தவறிடுச்சும்மா, திரும்ப வைங்க" என்றார். "தெரிஞ்சுதான் வச்சேன், எடுங்க" என்றேன். அடுத்த வாரமும் கொடுத்தேன். அவர் மனைவி எனக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும் என்று நம் மகளிடம் தனியாகச் சொல்லியிருக்கிறார். இந்த ஞாயிறு மகள் வேலையிலிருந்து சீக்கிரம் வந்தாள். என் பின்னால் நின்று பார்த்தவள், "அம்மா, ராணியை இல்லம்மா. ராணிப் பக்கத்துச் சிப்பாயை. அதையும் குடுக்கிற மாதிரி காட்டணும், அவ்வளவுதான்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பாத்திரம் கழுவும்போதுதான் ஒன்று தோன்றியது. ராணியைக் கொடுத்துவிட்டுத்தான் ஆட்டத்தையே ஆரம்பிக்க வேண்டும் என்று படித்தபோது, எனக்கு ஏன் ஒரு சின்னச் சந்தேகம்கூட வரவில்லை?

மற்றபடி தண்ணீர்க் கட்டணம் கட்டியாயிற்று. கொல்லைக் குழாயின் ஒழுகலை நானே நிறுத்திவிட்டேன். மகளுக்கு இருமல் தேவலை.

இப்படிக்கு,
உங்கள் மகளின் அம்மா


மார்ச் 11

அன்புள்ள கணக்குப்பிள்ளைக்கு,

உன் கடிதத்தை அச்சு இயந்திரத்துக்கு அடியில் படுத்துக்கொண்டு படித்தேன். சிரித்த சிரிப்பில் தலை உருளையில் முட்டிக்கொண்டது. மேற்பார்வையாளர் குனிந்து பார்த்து, "மிஷின் ஜோக் சொல்லுதா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

மருந்துக்கடைக்காரர் உனக்குச் சரிப்பட மாட்டார். அவர் ஆடுவது ஆட்டமே இல்லை, காவல். என்னோடு ஆடு. தொலைபேசியில் வேண்டாம். அதில் நான் கத்துவேன், நீ வைத்துவிடுவாய். கடிதத்தில் ஒவ்வொரு நகர்த்தலாக ஆடலாம். இங்கே நானும் ஒரு பலகை வாங்கிவிட்டேன். வெள்ளை எனக்கு. ராணிக்கு முன்னால் நிற்கும் சிப்பாய், இரண்டு கட்டம்.

அறை பரவாயில்லை. ஜன்னலைத் திறந்தால் சாயக் கழிவு நாற்றம், மூடினால் பக்கத்து அறைக்காரரின் குறட்டை. சாப்பாடு கேண்டீனில். உப்பு என்ற ஒன்று உலகத்தில் இருப்பதை அவர்களுக்கு யாராவது சொல்ல வேண்டும்.

குழாயை நீயே சரிசெய்தாயா? வாஷர் எங்கே வாங்கினாய்?

அன்புடன்,
நான்தான்


மார்ச் 17

இறைவன் துணை.

வாஷர், நீங்கள் டப்பாவில் போட்டு வைத்ததுதான்.

என் பதில்: என் ராணிக்கு முன்னால் நிற்கும் சிப்பாய், அதுவும் இரண்டு கட்டம். இப்போது பலகையின் நடுவில் இரண்டு பேரும் முட்டிக்கொண்டு நிற்கிறார்கள். யாரும் யாரையும் வெட்ட முடியாது. நமக்குப் பழக்கமான நிலைதான்.

ஒன்று சொல்ல வேண்டும். கோபமில்லை. யாருக்கு வெள்ளை என்று நீங்கள் கேட்கவில்லை. மருந்துக்கடைக்காரர்கூட இரண்டு கைகளையும் மூடிக் காட்டி, எது வேண்டும் என்று கேட்கிறார். போன வருடம் நீங்கள் சமையலறை வாசலில் வந்து நின்று, "நாளைக்குக் கிளம்புறேன், அங்க வேலை கிடைச்சிருக்கு" என்று சொன்னபோது பையில் துணிகூட அடுக்கியாகிவிட்டது. அச்சகம் மூடிவிட்டார்கள், வேறு வழியில்லை என்பது எனக்கும் தெரியும். நீங்கள் கேட்டிருந்தால் நானும் போகத்தான் சொல்லியிருப்பேன். கேட்டிருக்கலாம்.

நல்ல செய்தி ஒன்று. பிரார்த்தனை மண்டபத்தில் கணக்குப் பார்த்துவந்த பெரியவருக்குக் கண் மங்கிவிட்டது. என்னைக் கேட்டார்கள். கடவுள் முன்னால் உட்கார்ந்து யோசித்து, சரி என்று சொல்லிவிட்டேன். விளையாட்டுக்கு நீங்கள் வைத்த பெயரை அங்கே எல்லோரும் நிஜமாகவே சொல்லிக் கூப்பிடுகிறார்கள். "கணக்கம்மா வந்தாச்சு, பெஞ்சைத் துடைங்கப்பா" என்கிறார்கள்.

உங்கள் மகளின் அம்மா


மார்ச் 26

அன்புள்ள கணக்குப்பிள்ளைக்கு,

கறுப்பு வேண்டும் என்று நான் கேட்டிருந்தால் நீ வெள்ளையைத்தான் தந்திருப்பாய். சரி, விடு. எழுதியதைப் படித்தேன்.

என் இரண்டாவது நகர்த்தல்: ராணிப் பக்கத்து மந்திரியின் முன்னால் நிற்கும் சிப்பாய், இரண்டு கட்டம். இப்போது உன் நடுச் சிப்பாய் அதை வெட்டலாம். நீ படித்தாயே, அந்தக் காம்பிட் இதுதான். சும்மா கிடைக்கிறது, எடுத்துக்கொள்.

முக்கியமான விஷயம். இங்கே கம்பெனி எனக்குக் குடியிருப்பு ஒதுக்குகிறது. இரண்டு அறை, சின்ன பால்கனி, சமையலறையில் வெளிச்சம் வரும் ஜன்னல். நேரில் போய்ப் பார்த்தேன். வாடகை இல்லை. குடும்பத்தோடு இருப்பவர்களுக்குத்தான் கொடுப்பார்கள் என்பதால் உன் பெயரையும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். நீ வந்துவிடு. மகள் வேலை செய்யும் இடத்துக்குப் பக்கத்திலேயே விடுதி இருக்கிறது. அங்கே நம் வீட்டை வாடகைக்கு விட்டுவிடலாம். உனக்கு ஒரு செலவும் இல்லை. அடுத்த மாதக் கடைசிக்குள் சொல்ல வேண்டும்.

இங்கேயும் ஏதாவது மண்டபம் இருக்கும்.

அன்புடன்,
நான்தான்


ஏப்ரல் 4

இறைவன் துணை.

கடிதம் கிடைத்தது. நகர்த்தல் இன்னும் அனுப்பவில்லை. காரணம் எழுதுகிறேன்.

சும்மா கிடைக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். என் கணக்கில் சும்மா என்று ஒரு தலைப்பே கிடையாது. அதனால் ஞாயிற்றுக்கிழமை மருந்துக்கடைக்காரரை உங்கள் இடத்தில் உட்காரவைத்து, எடுத்துப் பார்த்தேன். எடுத்தவுடன் என் சிப்பாய் நடுவிலிருந்து ஓரத்துக்குப் போய்விட்டது. நடு முழுக்க அவருடையது. சரி, எடுத்ததையாவது காப்பாற்றுவோம் என்று பக்கத்துச் சிப்பாயைக் கொண்டுவந்து முட்டுக் கொடுத்தேன். அவர் ஓரச் சிப்பாயை விட்டு அந்த முட்டை இடித்தார். நான் இன்னொரு முட்டு வைத்தேன். அதையும் உடைத்துவிட்டு, ராணியை மெதுவாக வெளியே கொண்டுவந்தார். மூலையில் இருந்த என் யானை அப்படியே அகப்பட்டுக்கொண்டது. யானையைக் காப்பாற்றினால் குதிரை போகும். "ஒரு சிப்பாய்க்கு ஆசைப்பட்டா இப்படித்தாம்மா" என்றார். பாவம் போலச் சொன்னாரே தவிர, மீசைக்குள் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

அதற்காக எடுப்பதே தப்பு என்று இல்லையாம், அவரே சொன்னார். எடுப்பவர்கள் அதை இரவல் வாங்கியதைப் போல வைத்துக்கொள்கிறார்களாம். வெள்ளைக் காய் ஆடுபவர் அதைத் திருப்பி எடுக்கச் செலவழிக்கும் நேரத்தில் தங்கள் குதிரைகளையும் மந்திரிகளையும் வெளியே கொண்டுவந்துவிடுகிறார்களாம். பிடித்து வைத்துக்கொள்ளப் பார்ப்பவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். புத்தகத்தில் இந்தப் பாடத்தை இப்போது ஒழுங்காகப் படித்தேன். ஓரத்தில் உங்கள் கையெழுத்தில் "குறி சிப்பாய் இல்லை, நடு" என்று பென்சிலால் எழுதியிருக்கிறது. எந்த வயதில் எழுதினீர்களோ தெரியாது.

அந்த வரியைப் படித்த பிறகுதான் உங்கள் கடிதத்தை மறுபடி படித்தேன். பால்கனி, ஜன்னல், வாடகையில்லா வீடு, எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. என் பெயரை எழுதிக் கொடுத்த பிறகு எனக்குத் தெரிவித்திருக்கிறீர்கள்.

நீங்கள் சூழ்ச்சி செய்ததாக நான் சொல்லவில்லை. யோசிக்கிறேன், அவ்வளவுதான். வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள். உப்பை ஒரு சின்ன டப்பாவில் போட்டுப் பையில் வைத்துக்கொள்ளலாமே.

உங்கள் மகளின் அம்மா


ஏப்ரல் 10

கணக்குப்பிள்ளைக்கு,

உன் கடிதத்தை நான்கைந்து முறை படித்தேன். முதலில் கோபம் வந்தது. பலகையையும் வீட்டையும் நான் ஒரே கடிதத்தில் எழுதியதற்குக் காரணம், தாள் ஒன்றுதான் இருந்தது. ஆனால் பெயர் விஷயமாகக் கம்பெனி அலுவலகத்துக்குப் போனேன். போய் விசாரித்தேன். எழுதிக் கொடுத்ததைத் திரும்ப வாங்கலாமாம். இன்னும் வாங்கவில்லை. நீ சொன்னால் வாங்கிவிடுகிறேன். தனி ஆளாக இருப்பவர்களுக்கு அதே இடத்தில் ஓர் அறை தருவார்களாம்.

எனக்கு உன் நடுச் சிப்பாயைத் தள்ள வேண்டும் என்று ஆசையில்லை. சாயங்காலம் வேலை முடிந்து கை கழுவியபின் எங்கே போவது என்று தெரியவில்லை. அதுதான் விஷயம். அந்த வீட்டைப் பார்க்கப் போனபோது, சமையலறை ஜன்னல் திண்டில் நீ எந்த டப்பாவை எங்கே வைப்பாய் என்று நின்று யோசித்தேன். கூட வந்த காவல்காரர், "யாரையாவது எதிர்பார்க்கிறீங்களா சார்?" என்று கேட்டார். வரும் வழியில் இரண்டு டம்ளர் வாங்கினேன். ஒன்று இன்னும் காகிதத்துக்குள்ளேயே இருக்கிறது.

நீ நகர்த்தல் அனுப்பாததால் ஒரு வாரமாகப் பலகையைக் கட்டில் மேலிருந்து எடுக்கவில்லை. ஓரத்தில் ஒடுங்கிப் படுக்கிறேன்.

நான்தான்


ஏப்ரல் 16

இறைவன் துணை.

அன்புள்ள உங்களுக்கு,

முதலில் பலகை. என் பதில்: ராணிப் பக்கத்து மந்திரியின் முன்னால் நிற்கும் என் சிப்பாய், ஒரே ஒரு கட்டம். உங்கள் சிப்பாயை நான் எடுக்கவில்லை.

எடுக்காமல் இருப்பதற்கு இரண்டு வழி உண்டு என்று இந்த வாரம்தான் எனக்கு விளங்கியது. ராஜாவின் முன்னால் நிற்கும் சிப்பாயை ஒரு கட்டம் நகர்த்தி நடுவுக்கு முட்டுக் கொடுப்பது ஒன்று. மருந்துக்கடைக்காரர் எப்போதும் அதைத்தான் ஆடுவார். லேசில் இடிக்க முடியாது. ஆனால் ராணிப் பக்கத்து மந்திரிக்கு வழி அடைபட்டுப் போகும். ரொம்ப நேரம் வீட்டுக்குள்ளேயே கிடப்பார். அவருடைய கடையும் அப்படித்தானே, ஷட்டர் எப்போதும் பாதி இறக்கியே இருக்கும். முதலில் எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. மூன்று நாள் அதையே வைத்து, வைத்துப் பார்த்தேன். அடைபட்ட மந்திரியைப் பார்க்கப் பார்க்க மனசு கேட்கவில்லை.

நான் இப்போது வைத்திருப்பது இரண்டாவது வழி. நடுவுக்கு அதே முட்டுதான். சிப்பாய் இம்மியும் நகராது. ஆனால் மந்திரியின் வழி திறந்தே இருக்கிறது. வேண்டும்போது வெளியே வரலாம். இதில் குதிரைக்கு நல்ல இடம் ஒன்று போய்விடுகிறது. அதைச் செலவில் எழுதிக்கொண்டேன். தெரிந்தே செய்யும் செலவு.

இனி வீடு. நான் வரவில்லை. எழுதிக் கொடுத்த பெயரைத் திரும்ப வாங்கிவிடுங்கள். அந்த ஓர் அறையை எடுத்துக்கொள்ளுங்கள். பால்கனி இருக்கிறதா என்று பாருங்கள். எனக்கு இங்கே மண்டபத்தின் கணக்கு இருக்கிறது. இத்தனை வருடத்தில் வெளி மனிதர்கள் என்னைக் கேட்டு, நான் சரியென்று சொல்லி ஏற்றுக்கொண்ட வேலை இது ஒன்றுதான். ஏதாவது மண்டபம் இருக்கும் என்று எழுதினீர்கள். இருக்கும். ஆனால் கேட்டது இவர்கள்.

இது உங்களை வேண்டாமென்று சொல்லும் கடிதம் இல்லை. மகளிடம் படித்துக் காட்டினேன். அவள், "மறுக்கிறதுன்னா ஆட்டத்தை முடிக்கிறது இல்லம்மா, ஆட்டமே அதுக்கப்புறம்தான்" என்றாள். இந்தப் பெண் யாரைப் போலப் பேசுகிறாள் என்று எனக்குத் தெரியவில்லை.

ஆகவே நான் ஒன்று கேட்கிறேன். தெரிவிக்கவில்லை, கேட்கிறேன். உங்களுக்கு நான்கு நாள் விடுப்பு கிடைக்குமா? வந்து எதிரில் உட்கார முடியுமா? மிச்ச ஆட்டத்தை இந்தப் பலகையில் ஆடலாம். வெள்ளையே உங்களுக்கு இருக்கட்டும், இந்த ஆட்டத்துக்கு மட்டும். ஆடும்போதே மற்றதையும் பேசலாம். மாதத்துக்கு ஒரு தடவை நீங்கள் வருவதா, நான் அங்கே வந்து சில நாள் இருப்பதா, இங்கேயே ஏதாவது அச்சகத்தில் ஆள் தேடுகிறார்களா, எல்லாவற்றையும் ஒவ்வொரு நகர்த்தலாகப் பேசலாம். ஒரேயடியாக முடிவு வேண்டாம்.

வரும்போது காகிதத்தில் சுற்றிய அந்த டம்ளரை எடுத்துவாருங்கள். அது இங்கே இருக்கட்டும். அங்கே நான் வரும்போது என்னுடையதை இங்கிருந்து கொண்டுவருகிறேன்.

உங்கள் நகர்த்தலையும் வரும் தேதியையும் எழுதுங்கள். சீக்கிரம் பதில் போடுங்கள்.

உங்கள்
கணக்குப்பிள்ளை