ஸ்டெல்லாவுக்கு ஓர் ஆமென்

ஞாயிறு, இரவு.

கோபம் இன்னும் அடங்கவில்லை. எங்கள் சபையை விட்டுப் போன ஸ்டெல்லாவுக்கு நாளை கடலூரில் ஆபரேஷன். சிதம்பரத்தில் இன்று நடந்த பெண்கள் ஜெபக்கூட்டத்தில் அவளுக்காக ஜெபிக்கக் கேட்டேன்.

"அவுங்கதான் வேற சபைக்குப் போயிட்டாங்களே. அங்க ஜெபிச்சுக்குவாங்க" என்றார் செயலாளர் மேரி அக்கா.

"நான் டைபாய்டுல கெடந்தப்ப எனக்காக முழங்கால் போட்டு ஜெபிச்சவக்கா அவ" என்றேன். அவர் அடுத்த ஜெபக் குறிப்புக்குப் போய்விட்டார்.

முடிவு ஜெபம் என் முறை. கண்ணை மூடிக்கொண்டு, ஃபேன் சத்தத்தையும் மீறி, ஸ்டெல்லா பெயரைச் சொல்லியே ஜெபித்தேன். முடித்ததும் பழக்கத்தில் எல்லோரும் ஆமென் சொன்னார்கள். மேரி அக்காவின் ஆமென்தான் எல்லாவற்றிலும் உரக்கக் கேட்டது. அப்புறம்தான் சுதாரித்துக்கொண்டு என்னை முறைத்தார்.

முறைக்கட்டும். ஆமென் போய்ச் சேர்ந்துவிட்டது.