கடைசிப் பந்தியை வெட்டியவருக்கு

ஐசே,

இன்று காலை கொடிகாமத்தில் ஒரு கடையில் போட்டோக்கொப்பி எடுத்தேன். மெசினில் இருந்து இறங்கிய கடதாசிக் கட்டைச் சூடு ஆறமுதல் கையில் தந்தார்கள். அந்த மணத்தை உமக்குச் சொல்லத் தேவையில்லை. எத்தனை தரம் தோய்த்தாலும் அப்பாவின் சேட்டில் இருந்து போகாது என்று உம்முடைய மகள் முறைப்பாடு சொல்லுகிற மணம். நான் கட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "பாத்தீரே ஐசே, என்ன பாரம்" என்று பக்கத்தில் திரும்பிச் சொல்லிவிட்டேன். பக்கத்தில் நின்றவர் முருங்கைக்காய்க் கட்டோடு வந்த யாரோ ஒரு பெரியவர். மரியாதைக்கு, "ஓம் தம்பி, பாரம்தான்" என்றார். என்னுடைய நரைக்குத் தம்பி என்று கூப்பிட இன்னும் ஆள் இருப்பது ஆறுதல்தான். ஆனாலும் திரும்பிப் பார்த்த அந்த நொடியை நினைத்தபடி பஸ்சில் வீடு வந்து சேர்ந்தேன்.

அந்தக் கட்டு என் புத்தகம். நாளைக்குக் கொழும்புக்குப் பதிப்பாளருக்குப் போகவேண்டும். அதில் ஒரு பக்கத்தை வைப்பதா எடுப்பதா என்று இன்னும் முடிவாகவில்லை. உம்மைக் கேட்காமல் முடிவெடுத்துப் பழகவில்லை.

போட்டோக்கொப்பி எடுக்கக் கோப்பாயில் கடை இல்லாமல் இல்லை. ரைப் அடித்து, போட்டோக்கொப்பி எடுத்துக் கொடுக்கிற உம்முடைய கொமினிகேசன் கடை இருந்த இடத்தில் இப்போது பிறந்தநாள் கேக் விற்கிறார்கள். அந்தச் சந்தியால் போகாமல் இருப்பதற்காக, மனுசியின் தங்கை வீட்டைச் சாட்டு வைத்துக் கொடிகாமத்துக்கு பஸ் ஏறுகிறேன். "என்ன திடீரெண்டு என்ரை சகோதரத்திலை பாசம்?" என்று மனுசி கேட்கிறாள். மச்சாளுக்கும் அதே சந்தேகம். நீர் போனதால் எனக்குச் சொந்தக்காரரோடு சினேகம் கூடிவிட்டது. இப்படியும் ஒரு கேடு வரும் என்று நீர் நினைத்திருக்க மாட்டீர்.

கொப்பி எடுத்துத் தந்த கடைக்காரப் பெண் மேல் தாளைப் பார்த்துவிட்டார்.

"அண்ணை, புத்தகம் போடப் போறியளே?"

"ஓம் பிள்ளை. இழுபட்டு இழுபட்டு இப்பதான்."

"நானும் எழுதுறனான். முதல் வெப்சைட் ஒண்டு துவங்கி, வாசிக்கிற ஆக்களைச் சேர்த்துப்போட்டுத்தான் புத்தகம் போடவேணும் எண்டு சொல்லினம். உண்மையோ?"

பாரும், நாங்கள் இரண்டு பேரும் இரண்டு வருசமாகப் பிடித்த சண்டையை அவர் ஒரு மூச்சில் கேட்டுவிட்டார். "பொறும் பிள்ளை, யோசிச்சுச் சொல்லுறன்" என்று, கந்தோரில் வேலைபார்த்தபோது சனத்தைக் காக்கவைத்த பழக்கத்தில் அங்கேயும் சொன்னேன்.

சண்டை தொடங்கிய நாள் நினைவிருக்கிறதா? கொழும்புப் பதிப்பாளருக்கு என் பகிடிக் கட்டுரைகள் சிலவற்றை அனுப்பியிருந்தேன். அவர் கட்டுரைகளைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல், "இணையத்தில் உங்களுக்கு வாசகர்கள் உண்டா?" என்று ஒரே ஒரு வரி எழுதியிருந்தார். பெண் பார்க்க வந்தவன் பெண்ணைப் பாராமல் வளவுக்குள் எத்தனை தென்னை என்று கேட்ட மாதிரி இருந்தது. காரமாக ஒரு பதில் ரைப் அடிப்பிக்க உம்முடைய கடைக்கு வந்தேன். நீர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அந்த வரியை வாசித்தீர்.

"மனுசன் கேட்டதிலை என்ன பிழை? உம்மை எத்தினை பேருக்குத் தெரியும்?"

"ஏன், கந்தோர் முழுக்கத் தெரியும்."

"உம்மைத் தெரியும். நீர் எழுதுறது தெரியுமே?"

"புத்தகம் வந்தாத் தெரியும்தானே. புத்தகம் போட்டவன் எழுத்தாளன். வெப்சைட் வைச்சிருக்கிறவன் கடைக்காரன்."

"இப்ப கடைக்காரனோடைதான் கதைச்சுக்கொண்டு நிக்கிறீர்" என்றீர். பிறகு என்னைப் பிளாஸ்டிக் கதிரையில் இருத்தி, பிளேன்ரீ வருவித்துத் தந்து, நடக்காத என் வெளியீட்டு விழாவை நடத்திக் காட்டினீர். "ஒருத்தர் விளக்கேத்துவார். ஆறு பேர் பேசுவினம், ஒருத்தரும் வாசிச்சிருக்கமாட்டினம். முதற்பிரதி வாங்கிறவர் கண்ணிலை ஒத்திக் கும்பிட்டு வாங்குவார். வீட்டை கொண்டுபோய் அலுமாரிக்கை வைச்சும் கும்பிடுவார். திறக்கமாட்டார். சாமியை ஆரும் திறந்து பாக்கிறவையே?"

"அப்ப வெப்சைட்டை?"

"அதை ஆரும் கும்பிடமாட்டினம் ஐசே. பிடிக்காட்டி மூடிப்போட்டுப் போவினம். அதுதான் வாசிப்பு."

நான் பிளேன்ரீயைக் குடித்தேன்.

அப்படித்தான் எனக்கு வெப்சைட் பிறந்தது. பிறந்த அன்றைக்கே செத்த கதையை உலகத்தில் இரண்டு பேரால்தான் சரியாகச் சொல்ல முடியும். இப்போது ஒருவரால்.

'என்னைப் பற்றி' என்ற பக்கத்துக்கு நாலு வரி எழுதித் தரச் சொன்னீர். ஒரு மனிதனை நாலு வரியில் எழுதுவது எப்படி என்று எனக்கு யார் படிப்பித்தார்கள்? விடிய எழும்பினால் பேப்பரில் மரண அறிவித்தல் பார்க்கிற பழக்கம் ஒன்றுதான் எனக்கிருந்த பயிற்சி. கை தன் பாட்டில் எழுதியது. "கோப்பாயைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட" என்று தொடங்கி, இன்னாரின் அன்பு மகனும் இன்னாரின் அன்புக் கணவரும் என்று ஓடி, "அன்னார் நகைச்சுவைக் கட்டுரைகளில் மிகுந்த ஈடுபாடு கொண்டவர்" என்று முடிந்தது. நீரோ அந்த வசனங்களைப் பிரேத நோட்டீசுகளுக்கு ரைப் அடித்தே விரல் தேய்ந்தவர். உம்முடைய கண்ணிலும் படவில்லை. போதாததற்கு என் அடையாள அட்டைப் படத்தைச் சுற்றி, கொம்பியூட்டரில் இருந்ததிலேயே வடிவான சட்டத்தைப் போட்டீர். இரண்டு பக்கமும் குத்துவிளக்கு.

அடுத்த நாள் விடிய, அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு ரொறொன்ரோவில் இருந்து என் மாமி போன் அடித்தார். போனை எடுத்தது மனுசி.

"பிள்ளை, அவன் எங்கை?"

"கிணத்தடியிலை, குளிக்கிறார் மாமி."

"ஐயோ, அதுக்கிடையிலை குளிப்பாட்டத் துவங்கிட்டாங்களே?"

மனுசி போனைக் கொண்டுவந்து என் காதில் வைத்தாள். சவர்க்கார நுரையோடு, "மாமி, நான் உயிரோடைதான் குளிக்கிறன்" என்றேன். மாமி, "அப்ப என்னத்துக்கு என்னை அழவைச்சனீ?" என்று வைத்துவிட்டார். இன்றுவரை கோபம். நான் பகிடிக் கட்டுரை எழுதுவது மாமிக்குத் தெரிய வந்தது அப்படித்தான்.

மத்தியானத்துக்கிடையில் பக்கத்தின் கீழே சனம் நிரம்பிவிட்டது. இருபது வருசமாக என்னோடு கதையாதவர்கள் லண்டனில் இருந்தும் பாரிசில் இருந்தும் "ஆழ்ந்த இரங்கல்" போட்டிருந்தார்கள். என்னுடைய பழைய கந்தோர் அதிகாரி, "நேரம் தவறாதவர்" என்று எழுதியிருந்தார். உயிரோடு இருக்கும்போது அதே மனிதர் என்னைப் பற்றி எழுதிய குறிப்பை நான் பார்த்திருக்கிறேன். சைக்கிளை மிதித்துக்கொண்டு உம்மிடம் ஓடிவந்தேன். நீர் மேசையில் தலையை வைத்துச் சிரித்தீர். கண்ணைத் துடைத்துவிட்டு, "மாத்தவேண்டாம் ஐசே, இரண்டு நாள் கிடக்கட்டும். உயிரோடை இருக்கிற எழுத்தாளனுக்கு இவ்வளவு சனம் வராது" என்றீர்.

உண்மைதான். திருத்திப் போட்டோம். நான் சாகவில்லை என்று தெரிந்த பிறகு ஒருவரும் திரும்பி வரவில்லை.

அதற்குப் பிறகும் இரண்டு வருசம், ஒவ்வொரு சனி பின்னேரமும் நான் கொப்பியைக் கொண்டுவந்தேன். என் கோழிக்கிறுக்கலைப் பார்த்து நீர் ரைப் அடிப்பீர். நான் பக்கத்தில் இருந்து ஊர்க்கதை சொல்லுவேன். இடையில் யாராவது வந்தால் எழும்பிப் போய் அவர்களுடைய அலுவலைப் பார்த்துவிட்டு வருவீர். நான் திரையைப் பார்ப்பதில்லை. சமைத்தவளுக்குப் பசிக்காது என்று மனுசி சொல்லுவாள், எனக்கு என் எழுத்தை வாசிக்கப் பசிப்பதில்லை. வந்தவர் எத்தனை பேர் என்று அடியில் ஓடுகிற எண்ணை மட்டும் பார்ப்பேன். அது ஓடவில்லை, தவழ்ந்தது. ரைப் அடித்து முடிந்ததும் நீர் கேட்பீர், "முடிஞ்சுதே?" நான், "முடிஞ்சுது." நீர், "முடிஞ்சாப்பிறகும் எழுதிறது உமக்கொரு வருத்தம். மருந்தும் இல்லை." பகிடி என்று நானும் சேர்ந்து சிரிப்பேன்.

போன மாசியில் நெஞ்சு நோகுது என்று கதிரையில் சாய்ந்தீராம். ஓட்டோ வரமுதல் முடிந்துவிட்டது. நான் வந்தபோது திரையில் யாருடையதோ பூப்புனித நீராட்டு விழா அழைப்பிதழ் அரைவாசியில் நின்றது.

எங்கள் ஊரில் புத்தகம் போட முடியாதவர் என்று எவரும் இல்லை, செத்தால் போதும். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வருகிறவர்களின் கையில் கொடுக்க ஒரு நினைவுப் புத்தகம் அடிப்பார்கள். கல்வெட்டு என்று பெயர். முன்னால் படம், பிறகு தேவாரம், பிறகு வாழ்க்கை வரலாறு. இணையத்தில் வாசகர்கள் உண்டா என்று கல்வெட்டுக்காரர் கேட்பதில்லை. எனக்கு முதல் உமக்குப் புத்தகம் வந்துவிட்டது ஐசே. அந்தப் பொறாமையையும் இங்கேயே சொல்லிவைக்கிறேன்.

"மாமா, நீங்கள்தானே எழுதுறனீங்கள். அப்பாவைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தாங்கோ" என்று மகள் கேட்டாள். இரண்டு நாள் இருந்து எழுதினேன். அவள் உம்முடைய கதிரையில் இருந்து, பேனையோடு வாசித்தாள். வாசித்துக்கொண்டு போய், கடைசிப் பந்தி வந்ததும் மேலிருந்து கீழ்வரை ஒரு கோடு இழுத்தாள்.

"என்ன பிள்ளை, வெட்டுறாய்?"

"இதிலை 'மரணம் ஒரு முற்றுப்புள்ளி அல்ல' எண்டு கிடக்கு மாமா."

"அதுக்கென்ன? நல்ல வசனம்தானே."

"அப்பா இருந்தா வெட்டியிருப்பார். உங்கடை கடைசிப் பந்தியை அவர் வெட்டிப்போட்டுத்தானே போடுறவர்."

"எப்ப?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "எப்பவும்தான். உங்களுக்குத் தெரியாதே மாமா?"

ஐசே, நான் உம்மை நினைத்து அழுதுகொண்டிருந்த மனிதன். அந்த நிமிசமே அழுகை நின்று எனக்குக் கோபம் வந்தது. செத்த ஆளோடு எப்படிச் சண்டை பிடிக்கிறது? அந்தியேட்டி அன்று வேண்டுமென்றே சாப்பாட்டுக்குக் கடைசிப் பந்தியில் போய் இருந்தேன், ஒரு எதிர்ப்பாக. வடை முடிந்துவிட்டது. உமக்கு அதுவும் விளங்கியிருக்காது.

ஒரு கிழமை கழித்து, கொப்பிகளை எல்லாம் எடுத்து மேசையில் வைத்து, போனில் வெப்சைட்டைத் திறந்து, ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். கொப்பியில் எல்லாம் ஒரே முடிவு: "ஆகவே இதைப் பற்றி நாம் அனைவரும் சிந்திக்க வேண்டும்." வெப்சைட்டில் அப்படி ஒன்றுமே இல்லை. தண்ணீர் இறைக்கும் மோட்டரைக் களவு கொடுத்தவர், கள்ளனிடமே போய் மோட்டர் இரவல் கேட்ட கதை இருக்கிறதே? அவர் கள்ளன் வீட்டு வாசல் படலையில் நின்று கூப்பிடுகிற இடத்தோடு நீர் நிற்பாட்டியிருந்தீர். எழுதியவன் நான் என்பதை மறந்து சிரித்தேன். சிரித்துவிட்டுப் பார்த்தால் சுற்றிவர ஆளில்லை.

பதிப்பாளர் இப்போது ஓம் என்றுவிட்டார். வெப்சைட் முழுவதையும் பார்த்தாராம். கூட்டம் இல்லாததை அவர் குறையாக எடுக்கவில்லை. "கட்டுரைகளை முடிக்கிற விதம் எனக்குப் பிடித்திருக்கிறது" என்று எழுதியிருக்கிறார். அந்த ஒரு வரியை யாருக்குக் காட்டுவது என்று தெரியாமல் போனைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு திரிகிறேன்.

கடைக்காரப் பெண்ணுக்குச் சொன்ன மறுமொழியையும் கேளும். "வெப்சைட் வேணுமோ எண்டு எனக்கு வடிவாத் தெரியாது பிள்ளை. வெட்டுறதுக்கு ஒரு ஆள் வேணும். அந்த ஆள் கிடைக்கிற இடம் எதுவோ, அதை முதல் துவங்கும்" என்றேன். அதோடு நின்றிருக்கலாம். நான் வருத்தக்காரன் அல்லவா, எழுத்து என்பது என்ன, வாசகன் என்பவன் யார் என்று மேலே தொடங்கிவிட்டேன். அவர் தலையை ஆட்டியபடியே, அடுத்தவருடைய அடையாள அட்டையைக் கொப்பி எடுக்கப் போய்விட்டார். உம்முடைய ஆட்கள் எல்லா இடத்திலும் இருக்கிறார்கள்.

இனி அந்த ஒரு பக்கம். வெப்சைட் தொடங்கி வந்த முதல் தைப்பொங்கலுக்கு எழுதிய கட்டுரையின் கடைசிப் பந்தி. கொப்பியில் இப்படி இருக்கிறது: "இதையெல்லாம் ரைப் அடிக்கிற ஒருவர் கோப்பாய்ச் சந்தியில் இருக்கிறார். அவர் சிரித்தால் வீட்டுக்குப் போகிறேன். சிரிக்காவிட்டால் இன்னொரு பிளேன்ரீ குடித்துவிட்டுத் திருத்தி எழுதுகிறேன். என் வாசகர் கூட்டம் அவ்வளவுதான், அது எனக்குப் போதும்." அதை நீர் போட்டிருப்பீர், எல்லாரும் வாசித்திருப்பார்கள் என்று நினைத்தேன். நீர் ஒரு சொல்லும் சொல்லவில்லையே என்று அந்த வருசம் முழுவதும் உள்ளுக்குள் கொஞ்சம் நோவும் இருந்தது. நீர் அதையும் வெட்டியிருக்கிறீர்.

மற்றதெல்லாம் நீர் வெட்டியபடியே போகிறது. இப்போதும் எதை எழுதி முடித்தாலும் கடைசிப் பந்தியை உள்ளங்கையால் மூடிவிட்டு வாசித்துப் பார்க்கிறேன். அநேகமாகக் கையை எடுக்கத் தேவை வருவதில்லை. ஆனால் அந்தப் பொங்கல் பந்தியின்மேல் பத்துத் தரம் கையை வைத்துப் பார்த்துவிட்டேன், கை தன் பாட்டில் விலகிவிடுகிறது. திருப்பிச் சேர்த்துவிட்டேன், ஐசே. நாளைக்குக் காலையில் தபாலில் போகிறது. பிழை என்றால் வந்து வெட்டும்.